கென்யாவுக்கு பம்ப்செட் அனுப்பணுமா? அரசாங்கத்தோட உதவியை எந்த வரிசையில பிடிக்கணும்னு ஒரு முழு வழிகாட்டி

எங்க முதல் கண்டெய்னர் மொம்பாசா துறைமுகத்துல 23 நாள் கிடந்துச்சுங்க. சரக்குல ஒரு குறையும் இல்ல, ஒவ்வொரு பம்பையும் தண்ணில போட்டு ஓட்டிப் பார்த்துதான் பேக் பண்ணோம், ஆனா கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடியே இங்க வாங்க வேண்டிய ஒரு சர்டிபிகேட் இருக்குன்னு எங்களுக்குத் தெரியல, சரக்கு வாங்கறவருக்கு அது தெரிஞ்சும் நாங்க வாங்கியிருப்போம்னு நெனச்சு கேக்காம விட்டுட்டாரு. அபராதம், அங்க வெச்சு நடந்த இன்ஸ்பெக்ஷன், கண்டெய்னர் வாடகைன்னு அந்த ஆர்டர்ல வர வேண்டிய லாபம் மொத்தமும் போயிருச்சு. அப்பா ரெண்டு மாசத்துக்கு எக்ஸ்போர்ட்டுங்கற பேச்சையே வீட்ல எடுக்கல.

அப்புறம் ஒவ்வொரு ஆபீஸா ஏறி எறங்கி கேட்டப்பதான் புரிஞ்சுது, நமக்கு உதவி இல்லாம இல்ல, நெறைய இருக்கு, நாமதான் வரிசை மாத்திப் போறோம். எல்லாரும் பண்றது என்னன்னா ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதி பண்றதுக்கான பதிவு நம்பர்) எடுப்பாங்க, பையரைப் பிடிப்பாங்க, விலை சொல்லுவாங்க, சரக்கு ஏத்துவாங்க, பேப்பரைப் பத்தி யோசிக்கறது கடைசிலதான். ஆனா அந்த நாட்டு வாசல்ல என்ன கேப்பாங்க, பணம் வரலைன்னா யார் தருவாங்க, இந்த ரெண்டுக்கும் பதில் கையில இருந்தாத்தான் விலையே சொல்லணும். கோயம்புத்தூர்ல பம்ப், மோட்டார் பண்ற சின்ன யூனிட்காரங்களை மனசுல வெச்சுதான் இதை எழுதறேன், வேற இன்ஜினியரிங் சரக்கு பண்றவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

மொதல்ல, ஏன் கென்யா?

நம்ம அரசாங்கம் ஆப்பிரிக்காவை தனியா ஒரு மார்க்கெட்டா எடுத்து வேலை பார்க்க ஆரம்பிச்சது 2002-03ல, ஃபோகஸ் ஆப்பிரிக்கான்னு ஒரு திட்டம். முதல்ல எடுத்த 7 நாட்டுல கென்யாவும் ஒண்ணு, மத்தது நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், எத்தியோப்பியா, தான்சானியா, கானா. கென்யாவோட அதுக்கும் முன்னாடி 1981லேயே ஒரு வர்த்தக ஒப்பந்தம் இருக்கு. 2023 டிசம்பர்ல அந்த நாட்டு அதிபர் ரூட்டோ டெல்லிக்கு வந்தப்ப விவசாயத்தை நவீனப்படுத்த 25 கோடி டாலர் கடன் தர்றதா இந்தியா அறிவிச்சது. விவசாயம்னா தண்ணி, தண்ணின்னா பம்ப், அதனால இந்த அறிவிப்பு நம்ம தொழிலுக்கு நேரா சம்பந்தப்பட்டது.

ஒண்ணை மட்டும் தெளிவா வெச்சுக்கோங்க, கென்யாவோட நமக்கு ஃப்ரீ டிரேட் அக்ரிமென்ட் கிடையாது. மொரிஷியஸோட 2021ல இருந்து இருக்கு, அமீரகத்தோட 2022ல இருந்து இருக்கு, கென்யாவோட இல்ல. அதனால "ஒப்பந்தம் இருக்கு, டியூட்டி கொறையும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்துக்கு பொதுவா ஒரு டியூட்டி பட்டியல் இருக்கு, அதுதான் நமக்கும்.

நமக்கு சாதகமானது என்னன்னா அங்கயும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் ஃபேஸ் 240 வோல்ட், த்ரீ ஃபேஸ் 415. வைண்டிங்கை மாத்த வேண்டியதில்ல, இங்க ஓடற மோட்டார் அப்படியே அங்க ஓடும் (60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு பண்ணிப் பார்த்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு தெரியும்). நைரோபில ஹார்டுவேர், மெஷினரி வியாபாரத்துல மூணு நாலு தலைமுறையா இருக்கற குஜராத்தி குடும்பங்கள் நெறைய, இந்தியச் சரக்கு என்ன ஏதுன்னு அவங்களுக்கு நாம பாடம் எடுக்க வேண்டியதில்ல.

1. எச்எஸ் கோடுல இருந்து ஆரம்பிங்க

எச்எஸ் கோடுங்கறது கஸ்டம்ஸ்ல ஒவ்வொரு வகை சரக்குக்கும் இருக்கற நம்பர். தண்ணி இறைக்கற சென்ட்ரிஃபியூகல் பம்புன்னா 8413.70க்கு கீழ வரும், மோட்டார் மட்டும் தனியா அனுப்பினா 8501. இந்த நம்பரைப் பிடிச்சாத்தான் மத்த எல்லாம், அங்க எவ்ளோ டியூட்டி, இங்க எவ்ளோ ரிபேட், எந்த ஸ்டாண்டர்டுன்னு எல்லாமே இதை வெச்சுத்தான். பம்பும் மோட்டாரும் ஒரே செட்டா போகுதா தனித்தனியா போகுதான்னு உங்க கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, ஃபோன்ல வேண்டாம், கேட்லாக்கை கையோட கொண்டு போங்க.

வர்த்தக அமைச்சகத்தோட வெப்சைட்ல எந்த நாட்டுக்கு எந்த கோடுல எவ்ளோ சரக்கு போச்சுன்னு வருஷவாரியா காசில்லாம பார்க்கலாம். 2024 செப்டம்பர்ல டிரேட் கனெக்ட்னு ஒரு தளமும் தொறந்திருக்காங்க, அங்க கேள்வி போட்டா வெளிநாட்டு தூதரகங்கள்ல இருக்கற நம்ம வர்த்தக அதிகாரிங்க வரைக்கும் போகும்.

2. ஐஇசி, ஏடி கோடு, எல்யூடி

இது சீக்கிரம் முடியற வேலை. ஐஇசி டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) சைட்ல 500 ரூபாய், பான் நம்பர்தான் ஐஇசி நம்பரும். வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள உள்ள போய் விவரம் சரின்னு உறுதிப்படுத்தணும், ஒண்ணும் மாறலைன்னாலும் பண்ணணும், இல்லைன்னா முடக்கிருவாங்க, சரக்கு துறைமுகத்துல நிக்கறப்ப இது தெரிய வந்தா ரொம்ப கஷ்டம். பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட்டுக்கு ஏடி கோடு லெட்டர் (ஏற்றுமதிப் பணம் வர்ற பேங்க் கிளையோட நம்பர்) வாங்கி, கஸ்டம்ஸோட ஆன்லைன் தளமான ஐஸ்கேட்ல ஏத்திருங்க. ஜிஎஸ்டி போர்ட்டல்ல எல்யூடியை, அதாவது உறுதிமொழிக் கடிதத்தை, ஒவ்வொரு நிதியாண்டு தொடக்கத்துலயும் புதுசா போடணும், அது இருந்தா வரி கட்டாம சரக்கு அனுப்பலாம், இல்லைன்னா ஐஜிஎஸ்டி கட்டிட்டு ரீஃபண்டுக்கு காத்திருக்கணும், சின்ன யூனிட்டுக்கு அந்தப் பணம் மாட்டிக்கிட்டா ஃபவுண்டரிக்கு காஸ்டிங் காசு குடுக்க முடியாது.

3. ஈஈபிசில சேருங்க, சும்மா மெம்பரா இருக்காதீங்க

இன்ஜினியரிங் சரக்குக்கு ஈஈபிசி இந்தியா, 1955ல இருந்து இருக்கற ஏற்றுமதி ஊக்குவிப்பு கவுன்சில். அங்க சேர்ந்தா ஆர்சிஎம்சி, அதாவது பதிவு, உறுப்பினர் சர்டிபிகேட் கிடைக்கும், 5 வருஷம் செல்லும். நெறைய பேர் இதை ஒரு சர்டிபிகேட்டா மட்டும் பார்க்கறாங்க, அங்கதான் தப்பு. வெளிநாட்டு கண்காட்சிக்கு போறப்ப ஸ்டால் வாடகை, விமான டிக்கெட்ல ஒரு பங்கை அரசாங்கம் தர்றது இந்த கவுன்சில் வழியாத்தான். எம்ஏஐன்னு பல வருஷம் இருந்த அந்தத் திட்டம் இப்ப 2025 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்த ஏற்றுமதி ஊக்குவிப்பு மிஷனுக்குள்ள வந்திருச்சு, 2030-31 வரைக்கும் 25,060 கோடி ரூபாய். அதுல ரெண்டு பிரிவு, நிர்யாத் புரோத்சாஹன் கடன் சம்பந்தப்பட்டது, நிர்யாத் திஷா மார்க்கெட், தரச்சான்று, சரக்குப் போக்குவரத்து சம்பந்தப்பட்டது. முன்னாடி இருந்த ஏற்றுமதிக் கடன் வட்டிச் சலுகை 2024 டிசம்பரோட நின்னதுல எங்களை மாதிரி ஆளுங்க ரொம்ப அடிபட்டோம், அதனால இந்த மிஷன்ல உங்க எச்எஸ் கோடு வருதா, எப்ப விண்ணப்பம் தொறக்குதுன்னு பேங்க்லயும் கவுன்சில்லயும் விடாம கேட்டுட்டே இருங்க. கேக்கறவங்களுக்குத்தான் சுற்றறிக்கை வந்து சேருது.

டெலிகேஷனோட போனா கேட்லாக் மட்டும் கொண்டு போகாதீங்க, ஒரு பம்பை ரெண்டா அறுத்து உள்ள இம்பெல்லர், ஸ்டேட்டர் தெரியற மாதிரி கொண்டு போங்க. நைரோபில எங்க ஸ்டால்ல ஆளுங்க நின்னது அதுக்குத்தான், காப்பர் வைண்டிங்கை கையால தொட்டுப் பார்த்துட்டுதான் பேச்சையே ஆரம்பிச்சாங்க.

4. பையர் நிஜமா இருக்காரான்னு பாருங்க

கென்யால ஒரு கம்பெனின்னா சிஆர் 12னு ஒரு பேப்பர் இருக்கும், யார் யார் டைரக்டர், யாருக்கு எவ்ளோ பங்குன்னு அதுல தெரியும். அதையும் அவங்க வரி எண்ணையும் கேளுங்க, நல்ல வியாபாரி இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு. நைரோபில இருக்கற இந்திய ஹை கமிஷனோட வர்த்தகப் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டு விசாரிங்க. கவர்ன்மென்ட் டெண்டர் கெடச்சிருக்கு, பதிவுக் கட்டணம் மட்டும் நீங்க மொதல்ல அனுப்புங்கன்னு யாராவது சொன்னா அந்த நிமிஷமே பேச்சை நிறுத்திருங்க. பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாறிருச்சுன்னு நடுவுல மெயில் வந்தாலும் ஃபோன் பண்ணி குரலைக் கேட்டுட்டுத்தான் அடுத்த வேலை, மெயிலை உடைச்சு உள்ள புகுந்து பணத்தைத் திருப்பி விடறது இந்தத் தொழில்ல சாதாரணமா நடக்குது.

5. பிவிஓசி: எங்களைக் கவுத்தது இதுதான்

கென்யா பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ், சுருக்கமா கெப்ஸ், 2005ல இருந்து பிவிஓசின்னு ஒரு முறை வெச்சிருக்காங்க. சரக்கு எந்த நாட்டுல இருந்து கெளம்புதோ அங்கயே அவங்க நியமிச்ச இன்ஸ்பெக்ஷன் கம்பெனி வந்து பார்த்து, தரம் சரியா இருந்தா ஒரு சர்டிபிகேட் ஆஃப் கன்ஃபார்மிட்டி, சிஓசின்னு சொல்லுவோம், அதைக் குடுக்கணும். அது இல்லாம மொம்பாசால எறங்கினா எங்க கதைதான்.

இது எப்படி ஓடுதுன்னா, மொதல்ல உங்க பையர் அங்க ஐடிஎஃப், அதாவது இறக்குமதி அறிவிப்பு போட்டு அந்த நம்பரை உங்களுக்கு அனுப்பணும். அந்த நம்பர், புரோஃபார்மா இன்வாய்ஸ், டெஸ்ட் ரிப்போர்ட் மூணையும் சேர்த்து இன்ஸ்பெக்ஷன் கம்பெனிகிட்ட விண்ணப்பம் போடணும். டெஸ்ட் ரிப்போர்ட் உங்க சொந்த டெஸ்ட் பெஞ்ச்ல எடுத்தது பொதுவா போதாது, என்ஏபிஎல் (லேப்களைச் சரிபார்த்து அங்கீகாரம் தர்ற இந்திய அமைப்பு) அங்கீகாரம் இருக்கற லேப்ல எடுங்க, நம்ம ஊர்லயே சிடார்க் மாதிரி பம்ப் டெஸ்ட் பண்ற இடம் இருக்கறது நமக்குக் கெடச்ச பெரிய வசதி. நம்ம ஐஎஸ் 8034 மார்க் இருக்கே, அது போதாதான்னு நானும் கேட்டேன், அது இந்திய ஸ்டாண்டர்ட், அவங்க எந்த ஸ்டாண்டர்டுக்கு எதிரா பார்ப்பாங்கன்னு டெஸ்டுக்கு குடுக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிருங்க, தப்பான ஸ்டாண்டர்டுக்கு டெஸ்ட் பண்ணிட்டா காசும் நாளும் ரெண்டு தடவை போகும்.

மூணு ரூட் இருக்கு. முதல் தடவை அனுப்பறவங்களுக்கு ரூட் ஏ, ஒவ்வொரு லோடுக்கும் டெஸ்டும் இன்ஸ்பெக்ஷனும். அதே மாடலை அடிக்கடி அனுப்பறவங்க பொருளைப் பதிவு பண்ணி ரூட் பி போகலாம், டெஸ்ட் பாரம் கொறையும். ரூட் சி பெரிய உற்பத்தியாளர்களுக்கு, ஃபேக்டரியவே வந்து ஆடிட் பண்ணி லைசென்ஸ் குடுப்பாங்க. நாங்க நாலாவது லோடுல இருந்து ரூட் பிக்கு மாறினோம், சர்டிபிகேட்டுக்குன்னு காத்திருக்கற நாள் பாதியா கொறஞ்சுது.

ஃபீஸ் சரக்கு மதிப்புல ஒரு சதவீதக் கணக்குதான், ஆனா கொறஞ்சபட்சம் இவ்ளோன்னு ஒரு தொகை உண்டு, அதனால பத்துப் பெட்டி மட்டும் அனுப்பினா ஒரு பம்பு மேல ஏர்ற செலவு தாங்காது. சாம்பிள் ஆர்டர்ல கணக்குப் பார்க்காதீங்க, முழு 20 அடி கண்டெய்னருக்கு கணக்குப் போட்டு விலை சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு சரக்கு மொத்தமும் ரெடியா இருக்கணும், நேம் பிளேட் எல்லாத்துலயும் ஒட்டியிருக்கணும், "சாயங்காலம் ஒட்டிருவோம் சார்"னு சொன்னா மறுபடி ஒரு விசிட், மறுபடி ஒரு செலவு.

உகாண்டாக்கும் தான்சானியாக்கும் இதே மாதிரி அவங்கவங்க தனி முறை இருக்கு. மொம்பாசால எறங்கி உகாண்டாக்கு போற சரக்குன்னா உகாண்டா சர்டிபிகேட்தான் வேணும், கென்யாவோடது செல்லாது, கடைசில சரக்கு எந்த நாட்டுல நிக்கப் போகுதுன்னு பையர்கிட்ட ஆரம்பத்துலயே கேளுங்க.

6. பணம்: ஈசிஜிசி இல்லாம கடன்ல அனுப்பாதீங்க

புதுசா வளர்ற மார்க்கெட்னாலே ஆர்டர் வேகமா வரும், பணம் வர்றதுதான் கஷ்டம். பையர் நல்லவராவே இருந்தாலும் அவர் நாட்டுல டாலர் இல்லைன்னா அவர் என்ன பண்ணுவாரு? 2023ல கென்யால டாலர் தட்டுப்பாடு, 2024 ஜனவரில ஒரு டாலருக்கு 160 ஷில்லிங் வரைக்கும் போச்சு, அதே வருஷம் 129 பக்கம் திரும்பி வந்துச்சு. அந்த ஆறேழு மாசம் பணம் கையில வெச்சிருந்த பையரே பேங்க்ல டாலர் கேட்டு வரிசைல நின்னாரு. கானா 2022 டிசம்பர்ல வெளிநாட்டுக் கடனைத் திருப்பறதையே நிறுத்துச்சு, நைஜீரியா 2023 ஜூன்ல கரன்சியை மிதக்க விட்டுச்சு, அதனால இது ஒரு நாட்டோட பிரச்சனைன்னு நெனைக்காதீங்க.

இதுக்குன்னே இருக்கறது ஈசிஜிசி, 1957ல அரசாங்கம் ஆரம்பிச்ச ஏற்றுமதிக் கடன் இன்சூரன்ஸ் கம்பெனி, கோயம்புத்தூர்லயே பிராஞ்ச் இருக்கு. பையர் திவாலாகி பணம் தரலைன்னாலும் கவர் உண்டு, போர், கலவரம், அந்த நாட்டு அரசாங்கம் டாலர் வெளிய போறதைத் தடுத்ததுன்னு வந்தாலும் கவர் உண்டு. முழுத் தொகை வராது, பெரும் பங்கு வரும். சின்னவங்களுக்குன்னு தனியா சிறு ஏற்றுமதியாளர் பாலிசி இருக்கு, மொதல்ல அதைக் கேளுங்க.

பாலிசி எடுத்தா மட்டும் போதும்னு நெனச்சு ஏமாந்தவங்களைப் பார்த்திருக்கேன், அதனால ரெண்டு விஷயத்தை அழுத்திச் சொல்றேன். ஒண்ணு, ஒவ்வொரு பையருக்கும் தனியா கடன் வரம்பு வாங்கணும், சரக்கு போறதுக்கு முன்னாடி. அந்த விசாரணைல பையரைப் பத்தி அவங்களுக்கு வர்ற ரிப்போர்ட்டே உங்களுக்கு ஒரு பாதுகாப்பு, வரம்பு தர மாட்டேன்னு சொன்னாங்கன்னா அது கெட்ட செய்தி இல்ல, உங்களைக் காப்பாத்தின செய்தி. ரெண்டு, பணம் தேதி தாண்டிப் போச்சுன்னா ஒடனே அவங்களுக்குத் தெரியப்படுத்தணும். பையர் பழக்கமானவர், சொன்னா சங்கடப்படுவாருன்னு மூணு மாசம் மறைச்சு வெச்சா கிளெய்ம் கேக்கறப்ப அதுவே காரணமாகி நிராகரிச்சிருவாங்க.

நாங்க இப்ப பண்றது 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி டிபி, அதாவது பேங்க்ல பணம் கட்டினாத்தான் அவருக்கு சரக்கு எடுக்கற டாக்குமென்ட் கையில கிடைக்கும். அட்வான்ஸ் வாங்கறது பணத்துக்காக மட்டும் இல்ல, காப்பர் விலை ஏறினாலும் அந்த ஆர்டருக்கு வேண்டிய கம்பியை அன்னிக்கே வாங்கிப் போட்டுருவோம். ரெண்டு வருஷம் ஒழுங்கா வாங்கினவருக்குத்தான் 60 நாள் கடன், அதுவும் ஈசிஜிசி வரம்புக்குள்ள. ரூபாய்லயே பில் போடலாம்னு ரிசர்வ் பேங்க் 2022 ஜூலைல வழி தொறந்துச்சு, அதுக்கு அனுமதிச்ச நாடுகள் பட்டியல்ல கென்யாவும் இருக்கு, ஆனா எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு பையர் கூட ரூபாய்ல கேக்கல, டாலர்னு வெச்சே கணக்குப் போடுங்க.

7. இப்பத்தான் விலை சொல்லணும்

சிஓசி செலவு, ஈசிஜிசி பிரீமியம், லேப் ஃபீஸ், பேக்கிங், துறைமுகம் வரைக்கும் லாரி, எல்லாம் சேர்த்து ஒரு கண்டெய்னருக்கு இவ்ளோன்னு வந்தப்புறம் ஒரு பம்புக்கு பிரிங்க. சிஐஎஃப் (கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்த) விலை சொல்லாதீங்க, கென்யால இறக்குமதிச் சரக்குக்கு கடல் இன்சூரன்ஸை அங்க இருக்கற கம்பெனிகிட்டதான் எடுக்கணும்னு 2017ல இருந்து கண்டிப்பா நடைமுறைப்படுத்தறாங்க, நீங்க இங்க இன்சூரன்ஸ் எடுத்தா அந்தக் காசு வீண். சிஎஃப்ஆர் (கப்பல் வாடகை மட்டும் சேர்த்தது) இல்லைன்னா எஃப்ஓபி (இங்க கப்பல்ல ஏத்தற வரைக்கும் மட்டும்) சொல்லுங்க, பையர் இன்சூரன்ஸ் எடுத்துட்டாரான்னு கேட்டு காப்பி வாங்கிக்கோங்க.

விலையில சைனா பம்பை அடிக்கப் பார்க்காதீங்க, முடியாது. நாங்க ஜெயிச்சது ஸ்பேர்ல. ஒவ்வொரு கண்டெய்னரோடயும் ஒரு பெட்டி நிறைய புஷ், த்ரஸ்ட் பேரிங், மெக்கானிக்கல் சீல், வைண்டிங் வயர் போகும், அதை பையர்கிட்ட வெச்சு அங்க இருக்கற ரெண்டு வைண்டருக்கு வீடியோ கால்லயே வேலை சொல்லிக் குடுத்தோம். 150 மீட்டர் போர்வெல்ல இருந்து பம்பைத் தூக்கினவனுக்கு அன்னிக்கே சீல் கெடச்சா அடுத்த பம்பும் நம்மகிட்டதான் வாங்குவான்.

8. பேக்கிங், ஷிப்பிங் பில்

மரப்பெட்டி, மரப் பேலட் எதுவா இருந்தாலும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கணும், சூடு பண்ணியோ மருந்துப் புகை போட்டோ பூச்சி கொன்ன மரம்னு அர்த்தம். பக்கத்துக் கடைல ஆணி அடிச்சு வாங்கின பெட்டி ஆகாது.

நாம தூத்துக்குடி இல்லைன்னா கொச்சில ஏத்தறோம், மொம்பாசாக்கு நேர் கப்பல் எப்பவும் கெடைக்காது, பல நேரம் கொழும்புல மாத்தி ஏத்துவாங்க. செங்கடல் பக்கம் போக வேண்டிய வழி இல்ல இது, இந்தியப் பெருங்கடலைத் தாண்டினா ஆச்சு, ஆனா அங்க பிரச்சனை வந்தப்ப கப்பலெல்லாம் சுத்திப் போனதுல நமக்கும் கண்டெய்னர் தட்டுப்பாடு வந்துச்சு, அதனால வாடகைக் கோட்டேஷனுக்கு எத்தனை நாள் செல்லுபடின்னு எழுதி வாங்குங்க.

ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸ்ல குடுக்கற ஏற்றுமதி அறிவிப்பு) போடறப்ப ரோடெப் வேணும்னு கண்டிப்பா டிக்ளேர் பண்ணணும், 2021 ஜனவரில இருந்து இருக்கற திட்டம், நீங்க கட்டின, வேற வழியில திரும்ப வராத டீசல் வரி, மின்சார வரி மாதிரியானதை ஒரு சதவீதமா திருப்பித் தர்றது. புரோக்கர் அவசரத்துல வேண்டாம்னு போட்டுட்டா அப்புறம் திருத்தறது பெரும்பாடு, அதனால செக்லிஸ்ட்டை நீங்களே வரிவரியா படிச்சுட்டு ஓகே சொல்லுங்க. ரோடெப் காசா வராது, ஐஸ்கேட் கணக்குல ஸ்க்ரிப்பா, அதாவது இறக்குமதி டியூட்டி கட்ட உதவற மின்னணுச் சீட்டா ஏறும், இறக்குமதி பண்றவங்களுக்கு வித்துக்கலாம். டியூட்டி டிராபேக் (சரக்குக்குப் போட்ட இறக்குமதிப் பொருள் மேல கட்டின சுங்க வரியைத் திருப்பித் தர்றது) தனி, அது நேரா பேங்க்ல வந்துரும். சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜினையும் (சரக்கு எந்த நாட்டுல பண்ணதுங்கறதுக்கான சான்று) ஆன்லைன்லயே எடுத்திருங்க, சலுகைக்கு உதவாது, ஆனா அங்க கேப்பாங்க.

9. பணம் வந்தப்புறமும் ஒரு வேலை இருக்கு

வந்த டாலரை எந்த ஷிப்பிங் பில்லுக்கு வந்ததுன்னு பேங்க்ல சொல்லி கணக்கை மூடணும், மூடலைன்னா ரிசர்வ் பேங்க் சிஸ்டத்துல உங்க பேருக்கு பாக்கி நிக்கும். பணம் வந்ததுக்கான சான்றான இ-பிஆர்சிய 2023 நவம்பர்ல இருந்து நாமளே டிஜிஎஃப்டி சைட்ல எடுத்துக்கலாம், பேங்க் பின்னாடி அலைய வேண்டியதில்ல. பணம் வர்றதுக்கு 9 மாசம்னு இருந்த கெடுவை 2025 நவம்பர்ல 15 மாசமா நீட்டியிருக்காங்க, அதை பையர்கிட்ட சொல்லாதீங்க, அவர் அதையே கெடுவா எடுத்துக்குவாரு.

கடைசியா, எல்ஓசி பத்தி

எக்ஸிம் பேங்க் வழியா இந்தியா ஆப்பிரிக்க நாடுகளுக்கு கடன் தருது, இதைத்தான் எல்ஓசி (லைன் ஆஃப் கிரெடிட்)ன்னு சொல்றாங்க, அந்தத் திட்டத்துக்கு வாங்கற சரக்குல பெரும்பகுதி இந்தியால இருந்துதான் வாங்கணும். செனகல்ல நெல் பாசனத்துக்கு நம்ம நாட்டு கம்பெனி பம்ப் போனது அப்படித்தான். இந்த டெண்டரை நம்ம மாதிரி சின்ன யூனிட் நேரா எடுக்க முடியாது, அனுபவம், டர்ன் ஓவர்னு ஏகப்பட்ட தகுதி கேப்பாங்க. ஆனா எடுக்கற பெரிய கம்பெனிக்கு பம்பும் பேனலும் கேபிளும் யாராவது குடுத்துத்தான் ஆகணும். எக்ஸிம் பேங்க் சைட்ல எல்ஓசி காண்ட்ராக்ட்களோட விவரம் போடறாங்க, மாசம் ஒரு தடவை பாருங்க, பாசனம், குடிநீர்னு வந்தா காண்ட்ராக்ட் எடுத்தது யாருன்னு பார்த்து அவங்க பர்ச்சேஸ் ஆபீஸுக்கு உங்க லேப் ரிப்போர்ட்டையும் சிஓசி காப்பியையும் அனுப்பி வைங்க. கென்யாவுக்கு ஏற்கனவே அனுப்பியிருக்கோம்ங்கறதுக்கு அந்த சிஓசிதான் சாட்சி, எங்களுக்கு ரெண்டாவது பெரிய ஆர்டர் வந்தது அந்த ஒரு காப்பியைப் பார்த்துட்டுதான்.